ராஜி கார் வாங்குவதைத் தடுக்கக் கோரி

மயூர் விஹார், தில்லி
22 நவம்பர், சனிக்கிழமை

மகாராஜராஜஸ்ரீ சதாசிவம் அண்ணா அவர்களுக்கு, உங்கள் தங்கை ராஜியின் கணவன் பட்டாபி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் இருவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. ராஜி சௌக்கியம். நான் இருக்கிறேன். மன்னியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்றும், மன்னார்குடியிலிருந்து தில்லிவரை ரயிலில் வரக்கூடிய உடல்நிலையில் நீங்கள் இருக்கிறீர்கள் என்றும் நம்புகிறேன். கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் அழுத்தமாகவே நம்புகிறேன்.

கையில் போன் இருக்கும்போது இவன் எதற்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்புகிறான் என்று நினைப்பீர்கள். எங்கள் ஃபிளாட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் ராஜிக்குக் கேட்கும். பால்கனிக்குப் போய்ப் பேசினால் கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் செயலாளர் வெங்கடேஸ்வரனுக்குக் கேட்கும். அவருக்குக் கேட்டால் நாலு பிளாக்குக்கும் கேட்கும். வாட்ஸ்அப்பில் எழுதலாமென்றால் என் போனுக்குப் பூட்டு எண் போட்டுக் கொடுத்தவளே அவள்தான். ஆகவே சொசைட்டி லைப்ரரி அறையில், யாரும் தொடாத தடித்தடிப் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு கண்ணை வாசலில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் குளிர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் இதுதான். உங்கள் தங்கை கார் வாங்கப் போகிறாள். சாதாரணக் கார் என்றால் உங்களை நான் தொந்தரவு செய்வேனா? இது ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது. தரையிலிருந்து நாலு விரற்கடை உயரம். டிசம்பர் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்டி வாசலுக்கு வருகிறது. அதற்குள் நீங்கள் புறப்பட்டு வந்து, 'வேண்டாம் ராஜி' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உலகத்தில் அவள் எதிர்க்கேள்வி கேட்காமல் கட்டுப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான். என்னையே கல்யாணம் செய்துகொண்டது நீங்கள் சொல்லித்தான்.

ஜூலை மாதக் கடைசியில் அவள் ரிடையர் ஆனது உங்களுக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷம் ஆடிட் ஆபீஸ். சால்வை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலை காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு, "ஏன்னா, நான் ஒரு கார் வாங்கிக்கப் போறேன்" என்றாள். கோயிலுக்கும் கறிகாய் மார்க்கெட்டுக்கும் போய்வர ஏதோ சின்னக் கார் என்று நினைத்து நானும் தலையை ஆட்டினேன். போனை நீட்டினாள். படத்தில், எழுபது வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் கழுத்தில் மஃப்ளர் பறக்க ஓட்டிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி ஒரு கார். எனக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. "பயப்படாதேங்கோ, இது ஒரிஜினல் இல்லை. ரெப்ளிக்கா. பழைய காரைப் பார்த்து அச்சு அசலாப் புதுசாப் பண்றா" என்றாள். நகல் என்று கேட்டதும் என் வாயில் முதலில் வந்த கேள்வி, யார் அட்டெஸ்ட் செய்தது என்பதுதான். அவள் சிரிக்கவில்லை. எதற்கு உனக்கு இப்படி ஒரு கார், எங்கே போகப் போகிறாய் என்று கேட்டேன். "எங்கேயும் போறதுக்கு இல்லை. சும்மா ஓட்டறதுக்கு. முப்பது வருஷம் ஆபீசுக்குச் சார்ட்டர்ட் பஸ்ல கம்பியைப் பிடிச்சுண்டு நின்னாச்சு. இனிமே என் தலைக்கு மேல கூரையே வேண்டாம்" என்றாள்.

அந்த இடத்திலேயே நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் சர்க்கார் சர்வீஸில் யாருக்கும் முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எந்தப் பிரேரணை மேஜைக்கு வந்தாலும், நல்ல யோசனை, மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டு ஒரு பட்டியல் போட்டு, ஃபைலாக அனுப்புங்கள் என்று எழுதிவிடுவேன். அப்படி அனுப்பிய எதுவும் நான் ரிடையர் ஆகும்வரை உயிரோடு திரும்பி வந்ததில்லை. பக்கத்து செக்‌ஷனுக்கு ஒரு தண்ணீர்க் கூலர் பதினோரு வருஷம் வராமல் இருந்தது என் கைங்கரியம்தான். அந்தத் தைரியத்தில் ராஜியிடமும் அதையே சொன்னேன். கார்க்காரர்கள் மூன்று பேரிடம் விலை கேட்டு, பட்டியல் போட்டு, ஃபைலில் வை, பார்க்கலாம் என்றேன். இரண்டு வருஷமாவது ஓடும், அதற்குள் அவளுக்கே முழங்கால் வலி வந்துவிடும் என்பது என் கணக்கு. இதைச் சொல்லும்போது நான் யாரிடம் பேசுகிறேன் என்பதை ஒரு நிமிஷம் மறந்துவிட்டேன், அண்ணா. ஆடிட்காரியிடம் போய் ஃபைல் கேட்டிருக்கிறேன்.

ஒன்பதாவது நாள் ஃபைல் என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. பழுப்பு அட்டை, சிவப்பு நாடா, பக்க எண், ஓரத்தில் 'ஏ' முதல் 'எஃப்' வரை ஒட்டிய சீட்டுகள். என் முப்பத்தேழு வருஷ சர்வீஸில் அவ்வளவு சுத்தமான ஃபைலை நான் பார்த்ததில்லை. பயத்துக்கு நடுவிலும் ஒரு கணம் பெருமையாக இருந்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். குறை கண்டுபிடிக்க இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியில், நேரில் பார்க்காமல் எப்படி முடிவெடுப்பது, மூன்றையும் பரிசோதிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை நினைத்து இப்போது ராத்தூக்கம் இல்லை. பரிசோதனைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

முதல் கார் குருகிராமில். அதற்குக் கதவு கிடையாது. மறந்துபோய் வைக்காமல் விட்டார்களோ என்று விசாரித்தேன். மூலத்திலேயே கதவு கிடையாதாம், நகலில் மட்டும் எப்படி இருக்கும் என்று விற்கிறவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். காலைத் தூக்கி உள்ளே போட்டு, குளியல் தொட்டியில் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். இறங்கிவிட்டேன். உட்கார்ந்த பிறகு பார்த்தால் என் கையைத் தொங்கவிட்டால் ரோடு தட்டுகிறது. ஒரு தெருநாய் வந்தது. நின்றது. அதன் கண்ணும் என் கண்ணும் சரியாக ஒரே உயரத்தில் இருந்தன. அறுபத்தாறு வயதில் ஒரு நாயை நேருக்கு நேர் பார்ப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம். அது என்னை முகர்ந்து பார்த்து, இந்தப் பிராணியால் ஆபத்தில்லை என்று தீர்மானித்துப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. வெளியே வர நான் பட்ட பாடு தனி. இரண்டு மெக்கானிக்குகள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ராஜி பக்கத்தில் நின்று, "ஏறி இறங்கறது சிரமம்" என்று பட்டியலில் குறித்துக்கொண்டாள்.

இரண்டாவது ஓக்லாவில். அந்தக் காருக்குப் பெயரே கோப்ரா. பாம்பென்று தெரிந்தே பெயர் வைத்த ஒன்றில் மனுஷன் ஏறுவானா என்று மெட்ரோவிலேயே கேட்டேன். அங்கே போனால் நீல நிறத்தில், முதுகைத் தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்தபடி நிற்கிறது. விற்கிறவர் சாவியைத் திருகினார். அண்ணா, எங்கேயோ பாய்லர் வெடித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். கூரைமேல் இருந்த புறா அத்தனையும் ஒரே சமயத்தில் கிளம்பிப் போய்விட்டன. நானும் கிளம்பினேன், ஆனால் கிளம்பும் அவசரத்தில், பக்கவாட்டில் ஓடுகிற புகைக்குழாயில் கால் பட்டு, பேண்ட்டில் ஒரு வட்டம் கருகிவிட்டது. கெண்டைக்காலில் இன்னும் அடையாளம் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, இல்லையோ?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு அவள் வாய் அசைவதுதான் தெரிந்தது.

இரண்டும் போய்விட்டதே என்று நான் கொஞ்சம் மூச்சு விட்ட நேரத்தில் மூன்றாவது வந்தது. இது மாயாபுரியில், லக்கி என்கிற ஒரு பஞ்சாபிப் பையனின் பட்டறையில் இருந்தது. பச்சை. கரும்பச்சை. ஐம்பதுகளில் ஜெர்மனியில் ஓடிய காரின் நகலாம். கதவு இருந்தது, சத்தம் இல்லை. ராஜி அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள், அப்புறம் எதிர்த்திசையில் ஒரு தடவை நடந்தாள், ஒன்றும் குறிக்கவில்லை. ஏதாவது குறை கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று முன்பக்க மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே இன்ஜினே இல்லை! "ராஜி, இங்கே வந்து பார், இன்ஜின் வைக்காமலேயே உன் தலையில் கட்டப் பார்க்கிறான்" என்று கூவிவிட்டேன். பட்டறையில் வேலை செய்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். லக்கி மிகவும் மரியாதையாக என் தோளைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், பின்பக்க மூடியைத் திறந்து காட்டினான். இன்ஜின் அங்கே இருந்தது. உடம்பை விரலால் தட்டிப் பார்த்தேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி சத்தம் வந்தது. முழுக்க ஃபைபராம். இதன்மேல் ஒரு ஈ-ரிக்‌ஷா மோதினால்கூட நாம் இரண்டு பேரும் புட்டுக்குத் துருவிய தேங்காய் மாதிரி ஆகிவிடுவோம் என்று சொன்னேன். "மோதாமப் பாத்துக்கலாம்" என்றாள்.

பிறகுதான் எனக்கு ஆயுதம் கிடைத்தது. ஏழெட்டு வருஷத்துச் சின்னக் கார் ஒன்றின் அடிப்பாகத்தை எடுத்து, அதன்மேல் இந்தப் பச்சை உடம்பைப் பொருத்தியிருக்கிறான். உருவத்தை மாற்றிய வண்டிக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்று ஃபைலில் ஒரு பக்கம் எழுதினேன். எழுதி முடித்து நன்றாகத் தூங்கினேன். ராஜி அந்தக் கேள்வியை இருபத்தேழு கேள்விகளாக விரித்து லக்கிக்கு அனுப்பிவிட்டாள். பத்தாம் நாள் லக்கி எனக்குத் தனியாகப் போன் செய்தான். "அங்கிள் ஜி, ஆண்ட்டி ஜி கோ சம்ஜாவோ நா" என்று அழாத குறை, ஆண்ட்டிக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும் என்று. பையனுக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லையாம். ஸ்க்ரூ வாங்கிய ரசீதுவரை கேட்கிறாளாம். வேண்டுமானால் கார் விற்கிற தொழிலையே விட்டுவிடுகிறேன் என்றான். நானும் பையா, அப்படியே செய்துவிடு, புண்ணியமாகப் போகும் என்று உருக்கமாகச் சொன்னேன். இரண்டு பேரும் போனில் கொஞ்ச நேரம் ஒன்றாகப் பயந்தோம். அதற்குள் ராஜி தானே போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், எந்தக் காகிதம் எந்த மேஜையில் தூங்குகிறது என்று பார்த்து, எழுப்பி, முத்திரை போடவைத்துக் கொண்டுவந்துவிட்டாள். ஒன்றரை மாதத்தில் எல்லாம் முறைப்படி முடிந்துவிட்டது.

பெண்ணிடமாவது சொல்லலாம் என்று ஷ்ரேயாவுக்குப் போன் செய்தேன். அவள் பேச்சுதான் உங்களுக்குத் தெரியுமே. "அப்பா, டென்ஷன் மத் லோ. அம்மாவுக்கு இத்தனை சாலா ஷௌக் இருந்திருக்கு, பூரா பண்ணிக்கட்டும்பா. யூ ஆல்சோ என்ஜாய்" என்றாள். பெற்ற அப்பா உயிருக்குப் பயந்து பேசுகிறான், இவள், கவலைப்படாதே, அம்மா இத்தனை வருஷ ஆசையைப் பூர்த்தி செய்துகொள்ளட்டும் என்கிறாள். இந்த ஊரில் பிள்ளை வளர்த்தது நம் தப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்கும் நாள். அதைக் கேட்டதும் நான்தான், பட்டியலில் அதையும் சேர், ஓட்டிப் பார்க்காமல் எப்படி என்று. யார் ஓட்டுவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. ராஜி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஆகஸ்ட்டிலிருந்து தினமும் காலையில் வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், டிரைவிங் பள்ளிக்குப் போயிருக்கிறாள் என்பது அங்கேதான் தெரிந்தது. வியர்க்காமல் வீட்டுக்கு வருகிறாளே என்று ஒரு நாள் எனக்குத் தோன்றியது; குளிர்ச்சியான உடம்பு என்று விட்டுவிட்டேன். நான் குரங்குக் குல்லாய், அதன்மேல் மஃப்ளர், மூக்குக்கு முகக்கவசம், இரண்டு ஸ்வெட்டர் எல்லாம் போட்டுக்கொண்டு பக்கத்தில் இறங்கினேன். காற்று மாசு அன்றைக்கு நானூற்றைத் தாண்டியிருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, காற்று சுத்தம் செய்யும் மெஷினை ஓடவிட்டு, ஊரே வீட்டுக்குள் இருமிக்கொண்டிருக்கும்போது நாங்கள் கூரையில்லாத காரில் ரிங் ரோடுக்குப் போனோம். இடதுபக்கம் ஒரு டிடிசி பஸ் வந்தது. அதன் சக்கரம் என் காதுக்கு நேராகச் சுற்றியது. மேலே ஜன்னலில் இருந்தவர்கள் எங்களைக் குனிந்து படம் எடுத்தார்கள். வாய்க்கு வந்த சுலோகத்தையெல்லாம் சொன்னேன். பாதியில் மறந்துபோய், பழைய சர்க்குலர் ஒன்றின் வாசகமும் நடுவில் வந்துவிட்டது.

சிக்னலில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். பழைய வண்டி என்றாலே இந்த ஊரில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். இதுவோ பார்த்தால் என்னைவிட வயதான வண்டி. அவர் இரண்டு சுற்றுச் சுற்றி, "கித்னே சால் புரானி?" என்று கேட்டார். எத்தனை வருஷப் பழசு என்கிற கேள்வி என்னைப் பார்த்துத்தான் என்று நினைத்து, அறுபத்தாறு என்று சொல்லித் தொலைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. ராஜி சீட்டுக்குப் பின்னாலிருந்து ஃபைலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பாவம், சீட்டு 'சி' வரைக்கும் படித்தார். அப்புறம் மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, போங்கள் மேடம் என்றார்.

ஆனால் அண்ணா, எனக்கு அசல் பயம் வந்தது அதற்கெல்லாம் அப்புறம். யமுனைப் பாலத்தில் ஏறும்போது திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கு நுனி சிவந்து, தலைமயிர் எல்லாம் கலைந்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. எனக்காகச் சிரிக்கவில்லை, நான் பக்கத்தில் இருப்பதே அவளுக்கு நினைவில்லை. சொசைட்டி வாசலுக்கு வந்ததும் வெங்கடேஸ்வரன் போட்டுவைத்த வேகத்தடையில் வண்டி வயிறு மாட்டிக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நின்றது. கொய்யாப்பழ வண்டிக்காரன்முதல் எல்லோரும் கூடிவிட்டார்கள். நான் இறங்கியதும் வண்டி ஒரு அங்குலம் உயர்ந்து தானாகவே தாண்டியது. அது போதும் எனக்கு. என்னை இறக்கிவிட்டால்தான் இவள் வண்டி ஓடும் என்று அத்தனை பேருக்கும் முன்னால் நிரூபணமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், இத்தனை ஆபத்தைப் பார்த்தாயே, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம் என்றேன். ராஜி ஃபைலைத் திறந்து முதல் பக்கத்தை எடுத்தாள். நான் அதுவரை அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. முதல் பக்கத்தில் எப்போதும் பீடிகைதான் இருக்கும் என்று தாண்டிவிடுவது வழக்கம். அதில் மூன்று ஆடிட் பாரா எழுதியிருந்தாள். தணிக்கையில் கண்டுபிடித்து, பதில் வராமல் நிலுவையில் கிடப்பதை எழுதுவார்களே, அந்த மாதிரி. சத்தமாக வாசித்தாள். "பாரா ஒண்ணு. தொண்ணூத்திரண்டு மார்ச், மோதி பாக் குவார்ட்டர்ஸ். நான் லைசென்ஸ் எடுத்துண்டு வந்து, செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கலாமான்னு கேட்டேன். பதில்: பார்க்கலாம். பாரா ரெண்டு. தொண்ணூத்தொன்பது, ஷ்ரேயா ஸ்கூலுக்கு. பதில்: பார்க்கலாம். பாரா மூணு. ரெண்டாயிரத்தேழு. பதில்: ரிடையர் ஆகட்டும், பார்க்கலாம்." வாசித்துவிட்டு, "மூணுக்கும் பதில் நிலுவையில இருக்கு" என்றாள். ஓட்டக் கார் இல்லாமல், அந்த லைசென்ஸை மட்டும் காலாவதியாக விடாமல் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாளே முன்பணம் கட்டிவிட்டாள்.

ஆகவே அண்ணா, இனி உங்களை விட்டால் எனக்கு நாதி இல்லை. எனக்கு பஸ்ஸைக் கண்டு பயம், போலீஸைக் கண்டு பயம், நாயைக் கண்டு பயம். எல்லாவற்றையும்விட, அவள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள், நான் பால்கனியில் நின்று வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்பது பெரும் பயம். நான் சொன்னால் காரணம் கேட்பாள். நீங்கள் சொன்னால் காரணம் கேட்க மாட்டாள். வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் எழுதியதாக மட்டும் சொல்லாதீர்கள். ஏதோ கனவு கண்டு வந்ததாகச் சொல்லுங்கள். டிசம்பர் ஏழுக்கு முன்னால் எந்த ரயிலானாலும் ஏறிவிடுங்கள். குளிர் அதிகம், கம்பளி கொண்டுவரவும்.

மன்னிக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் ஆசீர்வாதம். எல்லோரும் தீர்க்காயுசாக, நல்ல உயரமான வண்டிகளில், கூரையோடு சஞ்சரிக்க அம்பாள் அருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள, நடுங்கும்,
பட்டாபி

பி.கு. 28 நவம்பர், வெள்ளிக்கிழமை. மேற்படிக் கடிதம் இன்னும் தபாலில் சேரவில்லை. சனிக்கிழமை உறையில் போடுவதற்கு முன்னால் மார்க்கெட்டில் ஒரு ஜெராக்ஸ் எடுத்தேன். எந்தக் கடிதம் வெளியே போனாலும் ஆபீஸ் காப்பி ஒன்று வைத்துக்கொள்ளாவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது. வைத்துக்கொண்டால், அந்தந்த விஷயத்துக்கு உண்டான ஃபைலில்தானே வைக்க வேண்டும்? கார் சம்பந்தமான கடிதம். கார் ஃபைலில் வைத்தேன். துளை போட்டு, நாடாவில் கோத்து, பக்க எண்ணும் நானே போட்டேன். முப்பத்தேழு வருஷக் கை, அதுபாட்டுக்குச் செய்துவிட்டது. ஞாயிறு காலை இன்ஷூரன்ஸ் காகிதம் வைக்க ராஜி ஃபைலைத் திறந்தாள்.

அவள் கத்தவில்லை. இரண்டு தடவை படித்தாள். "இவ்வளவு பயமா உங்களுக்கு? என்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றாள். அப்போதே லக்கிக்குப் போன் செய்து வண்டி வேண்டாம் என்று சொன்னாள். ஃபைலைக் கட்டிப் பரணில் போட்டாள். நான் கேட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது, அண்ணா. திங்கட்கிழமை நிஜமாகவே வாக்கிங் போய், வியர்த்துக்கொண்டு திரும்பி வந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சீரியல் பார்த்தாள். அவளுக்குச் சீரியலே பிடிக்காது. கோபமாக இருந்தால் எனக்குப் பழக்கம் உண்டு, சமாளிப்பேன். இவள் கோபமாகவே இல்லை. புதன்கிழமை, கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து, பழைய ரேஷன் கார்டு வைத்திருக்கும் டிராயரில் போட்டு மூடினாள். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

நேற்று பிங்க் லைன் மெட்ரோவில் ஏறித் தனியாக மாயாபுரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் லக்கி இருபத்தெட்டாவது கேள்வி வந்துவிட்டது என்று கையைக் கூப்பிவிட்டான். வண்டியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கொட்டேஷன் இல்லை, பட்டியல் இல்லை, குறிப்பு இல்லை. கையெழுத்து மட்டும் போட்டேன். என் ஆயுசில் ஃபைல் இல்லாமல் போட்ட முதல் கையெழுத்து அது. அவன் ஆள் ஒருவன் ஓட்ட, நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து வந்து சேர்ந்தேன். வேகத்தடையில் நானே இறங்கிக்கொண்டேன்.

ஆகவே மேற்படிக் கடிதத்தைப் பின்வரும் திருத்தங்களோடு வாசிக்கவும். 'வேண்டாம்' என்று சொல்லச் சொன்ன இடங்களில் எல்லாம் 'வேண்டும்' என்று படிக்கவும். தலைப்பில் 'தடுக்க' என்பதை 'வற்புறுத்த' என்று படிக்கவும். 'டிசம்பர் ஏழுக்கு முன்னால்' என்பதை 'உடனே' என்று படிக்கவும். நாய் விஷயத்தில் திருத்தம் இல்லை.

வண்டி கீழே நிற்கிறது. நாலு பிளாக்கும் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. வெங்கடேஸ்வரன் வேகத்தடையைச் செதுக்கிக் குறைக்கிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டார். காலையில் சாவியைக் காப்பி ஃபில்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். அதை நகர்த்தி வைத்துவிட்டுக் காப்பி போட்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள், அண்ணா. சீக்கிரம் வாருங்கள். அவள் இன்னும் பால்கனிப் பக்கம்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை, எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.